தொண்டே தவம்

நுழையும்முன்

சென்னை மயிலாப்பூரில் கபாலீசுவரர் கோயில் குளத்திலிருந்து மந்தைவெளியை நோக்கிச் செல்லும் சாலைக்கு இராமகிருஷ்ண மடம் சாலை என்று பெயர். நாள்தோறும் பல்லாயிரவர் அதன் வழியே செல்கின்றனர். அச்சாலைக்கு அப்பெயர் அமையக் காரணமான மடத்தைத் தொடங்கி வளர்த்தவர் வங்கத்திலிருந்து வந்த துறவி ஒருவர். பெருங்கூட்டங்களில் முழங்கிப் புகழ் சேர்த்தவர் அல்லர் அவர். பூசை, பாடம், பசி, நடை என்பனவே அவருடைய அன்றாட வாழ்க்கை. சுவாமி இராமகிருஷ்ணானந்தர் என்னும் அப்பெருமகனாரின் வாழ்வை அறிவோம்.

இளமையும் கல்வியும்

வங்காளத்தின் ஊக்ளி மாவட்டத்தில் உள்ள இச்சாபூர் என்னும் சிற்றூரில் 1863ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 13ஆம் நாள் அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் சசிபூஷண் சக்கரவர்த்தி. தந்தையார் ஈசுவர சந்திரர் தேவி வழிபாட்டில் ஆழ்ந்தவர். வழிபாட்டு முறைகளில் சிறு பிழையையும் பொறுக்காதவர். இறைவனுக்கு உரியதை உரிய நேரத்தில், உரிய தூய்மையோடு செய்தல் வேண்டும் என்னும் ஒழுங்கைச் சசி தம் இல்லத்திலேயே கற்றுக்கொண்டார்.

உயர்கல்விக்காகக் கல்கத்தா வந்த சசி கணிதத்திலும் வடமொழியிலும் சிறந்து விளங்கினார். அக்காலக் கல்கத்தா இளைஞர் பலரைப் போல அவரும் கேசவ சந்திர சேனரின் பிரம்ம சமாசத்தால் ஈர்க்கப்பட்டார். பழைய நம்பிக்கைகளுக்கும் புதிய ஆங்கிலக் கல்விக்கும் இடையே இளைஞர் உள்ளம் ஊசலாடிய காலம் அது. 1883ஆம் ஆண்டு தம் ஒன்றுவிட்ட உடன்பிறப்பான சரத்துடன் தட்சிணேசுவரம் சென்ற சசி, அங்கே இராமகிருஷ்ண பரமஅம்சரைக் கண்டார். அன்று தொடங்கிய உறவு அவர் வாழ்வின் போக்கையே மாற்றியது. சரத்தும் பின்னாளில் துறவு பூண்டு சுவாமி சாரதானந்தர் எனப் பெயர் பெற்றார்.

குருவின் அருகில்

பாரசீக மொழியின் சூஃபிக் கவிதைகளை மூலத்திலேயே படித்துச் சுவைக்க விரும்பிய சசி, அம்மொழியைக் கற்று வந்தார். ஒருநாள் தட்சிணேசுவரத்தில் அந்நூலில் ஆழ்ந்திருந்தபோது குரு மும்முறை அழைத்ததும் அவர் செவியில் விழவில்லை. பின்னர் விரைந்து வந்த சீடரிடம், கடமையை மறக்கச் செய்யும் கல்வி பக்தியைத் தேய்த்துவிடும் என்று குரு உணர்த்தினார். சசி அந்நூல்களைக் கங்கையில் எறிந்துவிட்டார். அவர் கல்வியை வெறுத்தார் என்று இதற்குப் பொருள் கொள்ளுதல் கூடாது. பிற்காலத்தில் ஓய்வு நேரங்களில் கணக்குகளைத் தீர்த்து மகிழ்ந்தவர் அவர், நூல்கள் எழுதியவர். தம் வாழ்வில் முதலிடம் எதற்கு என்பதை அன்று அவர் முடிவு செய்துகொண்டார் என்பதே அந்நிகழ்ச்சி காட்டும் உண்மை.

கோடைக்கால நண்பகல் ஒன்றில், குருவுக்குப் பனிக்கட்டி பிடிக்கும் என்பதை எண்ணி, அதனைத் தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு கல்கத்தாவிலிருந்து தட்சிணேசுவரம் வரை சுடுவெயிலில் நடந்தே சென்றார் சசி. சிறிய செயல்தான். ஆயினும், பிறருடைய தேவையை அவர் கேட்கும் முன்பே உணர்ந்து, தம் உடல் வருத்தத்தைப் பொருட்படுத்தாமல் அதனை நிறைவேற்றும் இயல்பு அவரிடம் இளமையிலேயே வேரூன்றியிருந்தது என்பதற்கு அச்செயல் சான்றாகும்.

1885ஆம் ஆண்டு இராமகிருஷ்ணர் தொண்டைப் புற்றுநோயால் துன்புற்றார். மருத்துவத்திற்காக முதலில் சியாம்புகூரிலும் பின்னர்க் காசிப்பூரிலும் அவர் தங்கவைக்கப்பட்டார். அப்போது சசி இளங்கலைப் பட்டப்படிப்பின் இறுதி நிலையில் இருந்தார். தேர்வு எழுதிப் பட்டம் பெற்றால் எளிய குடும்பம் நிமிரும். தந்தையின் எதிர்பார்ப்பும் அதுவே. சசி கல்லூரியை விட்டுக் குருவின் படுக்கையருகே வந்து நின்றார். ஊண் உறக்கம் பாராது பணிவிடை செய்தார். 1886ஆம் ஆண்டு ஆகத்துத் திங்கள் 16ஆம் நாள் குரு மறைந்தார். அந்தப் பட்டத்தைச் சசி பெறவே இல்லை.

மடத்தின் தாய்

குரு மறைந்த பின் இளஞ்சீடர்கள் வராகநகரில் பாழடைந்த வீடொன்றை வாடகைக்குப் பெற்று அங்கே கூடி வாழத் தொடங்கினர். நரேந்திரர் தலைமையில் அவர்கள் துறவு பூண்டனர். இராமகிருஷ்ணானந்தர் என்னும் பெயரைத் தாமே சூடிக்கொள்ள நரேந்திரர் விரும்பியிருந்தார். ஆனால், குருவுக்குச் சசி செய்த தொண்டினை எண்ணி அப்பெயரை அவருக்கே விட்டுக்கொடுத்தார். உலகம் விவேகானந்தர் என அறிந்த அத்தலைவர், தம் தோழருக்கு அளித்த மிகப்பெரிய மதிப்பு இதுவாகும்.

துறவியர் ஒவ்வொருவராக இமயத்திற்கும் காசிக்கும் பிற தலங்களுக்கும் புறப்பட்டனர். இராமகிருஷ்ணானந்தர் மட்டும் மடத்தை விட்டு அசையவில்லை. குருவின் திருவுருவப் படத்தின் முன் நாள்தோறும் பூசை செய்தார், சமைத்தார், தியானத்தில் அமர்ந்து உணவை மறந்த தோழர்களை இழுத்து வந்து உண்ணச் செய்தார். கையில் பொருளில்லாத வேளையில் சிலகாலம் பள்ளியொன்றில் ஆசிரியப் பணியாற்றி மடத்தைத் தாங்கினார். வராகநகரிலும், 1892இல் மடம் இடம்பெயர்ந்த ஆலம்பசாரிலுமாக ஏறத்தாழ பதினோராண்டுகள் அவ்வாறே கழிந்தன. ஊர்களெல்லாம் சுற்றிக் களைத்துத் திரும்பிய தோழர்களுக்கு ஒரு வீடு இருந்தது என்றால், அது அவர் ஒருவர் நிலைத்து நின்றமையால்தான்.

தென்திசைப் பயணம்

1897ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், மேலைநாடுகளில் சமயச் சொற்பொழிவாற்றித் திரும்பிய விவேகானந்தர் சென்னைக்கு வந்தார். அவர் சிகாகோ செல்லப் பொருள் திரட்டி உதவியவர் பச்சையப்பன் உயர்நிலைப்பள்ளி ஆசிரியர் அளசிங்கப் பெருமாள். அவரும் அவருடைய நண்பர்களும், சென்னையில் நிலையாகத் தங்கி வழிநடத்த ஒரு துறவியை அனுப்புமாறு விவேகானந்தரிடம் வேண்டினர். சென்னையின் ஆசாரம் மிக்க பெரியோரினும் ஆசாரம் மிக்கவரும், வழிபாட்டிலும் நூலறிவிலும் தியானத்திலும் ஒப்பற்றவரும் ஆகிய ஒருவரை அனுப்புவதாக அவர் உறுதியளித்தார். அவர் மனத்தில் இருந்தவர் இராமகிருஷ்ணானந்தரே.

குருவின் பூசையை ஒருநாளும் விடாதவர் அவர். மொழி, உணவு, தட்பவெப்பம் அனைத்தும் வேறான ஓர் ஊருக்கு அவரை அனுப்புவது எளிதோ? தலைவரின் விருப்பத்தை அறிந்ததும் இராமகிருஷ்ணானந்தர் மறுமொழி கூறாது உடன்பட்டார். பதினோராண்டுகள் அசையாதிருந்தவர், ஒரு சொல்லுக்குக் கட்டுப்பட்டுக் கப்பலேறினார். 1897ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் இறுதியில் சுவாமி சதானந்தருடன் சென்னைத் துறைமுகத்தில் வந்திறங்கியபோது அவருக்கு அகவை முப்பத்து மூன்று.

பனிக்கட்டி வீடு

முதலில் ஐஸ்ஹவுஸ் சாலையில் ஒரு சிறு வீட்டில் தங்கிய அவர், விரைவில் கடற்கரையை ஒட்டிய ஐஸ்ஹவுஸ் மாளிகையின் ஒரு பகுதிக்குக் குடிபுகுந்தார். அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிப்பதற்காக 1842இல் எழுப்பப்பட்ட கட்டடம் அது. பனிக்கட்டி வணிகம் நின்ற பின் வழக்குரைஞர் பிலிகிரி ஐயங்கார் அதனை வாங்கிக் குடியிருப்பாக மாற்றியிருந்தார். விவேகானந்தர் சென்னையில் ஒன்பது நாள்கள் தங்கியதும் அங்கேதான். குருவுக்காகப் பனிக்கட்டி சுமந்து நடந்த இளைஞர், பனிக்கட்டிக்காகக் கட்டப்பட்ட வீட்டிலேயே தம் குருவின் பூசையை நிறுவினார்.

அவருக்குக் குருவின் படம் வெறும் படமன்று. உயிரோடு எழுந்தருளியிருக்கும் குருவே அது. வைகறையில் பல் துலக்கக் குச்சியை நசுக்கி மென்மையாக்கி வைப்பார். உணவைச் சூடு ஆறும் முன் படைப்பார். புழுக்கம் மிகுந்த கோடை இரவுகளில் தம் உறக்கத்தை விட்டு எழுந்து, படத்தின் முன் நின்று விசிறுவார். பார்ப்போருக்கு இது வியப்பாகத் தோன்றலாம். கண்ணப்பரின் அன்பைப் பாடிப் பரவிய தமிழ் மண்ணுக்கு இத்தகைய அன்பு புதிதன்று.

வகுப்புகளும் வறுமையும்

பூசை முடிந்ததும் அவர் ஆசிரியராக மாறுவார். திருவல்லிக்கேணி, மயிலாப்பூர், சிந்தாதிரிப்பேட்டை, ஜார்ஜ் டவுன் எனப் பல பகுதிகளில் கீதைக்கும் உபநிடதங்களுக்கும் வகுப்புகள் நடத்தினார். ஒரு காலத்தில் கிழமைக்குப் பதினொரு வகுப்புகள் வரை நடந்தன. ஜட்காவில் சென்றார், கையில் காசில்லாதபோது நடந்தே சென்றார். திரும்பி வந்து தம் கையாலேயே சமைத்தார். மழை நாள்களில் ஓரிருவரே வந்தாலும், மன்றம் நிறைந்த நாளில் காட்டும் அதே ஊக்கத்துடன் பாடம் நடத்தினார். வகுப்பு அவருக்கு நோன்பு. கேட்போர் தொகை குறைந்தது என்பதற்காக நோன்பைக் குறைத்துக்கொள்ள அவர் உடன்படவில்லை.

நகரின் கற்றோர் பலர் அவரிடம் பாடம் கேட்டனர். ஆயினும், அவர் உண்டாரா என்று எண்ணியவர் சிலரே. அரிசியும் இல்லாத நாள்கள் இருந்தன. அத்தகைய ஒருநாள் அவர் குருவின் படத்தின் முன் நின்று முறையிட்டார். எதுவும் கிடைக்கவில்லையானால் கடற்கரை மணலையே அள்ளி வந்து படைப்பதாகவும், அதனையே தாமும் உண்பதாகவும் குருவிடம் கூறினார். பிறர் கதவைத் தட்டிக் கேட்க அவர் மனம் ஒப்பவில்லை. பணியைக் கைவிட்டு வங்கம் திரும்பவும் ஒப்பவில்லை. அன்பின் உரிமையும் பசியின் வேதனையும் ஒருங்கே கலந்த முறையீடு அது. மறுநாளும் அவர் வகுப்புக்குச் செல்வதை நிறுத்தவில்லை.

ஏழு மாணவர்

கோயம்புத்தூர் சென்றிருந்தபோது இராமகிருஷ்ணானந்தர் ஒரு துயரக் காட்சியைக் கண்டார். பிளேக் நோய் ஒரு குடும்பத்தின் பெரியோர் அனைவரையும் கொண்டுபோயிருந்தது. சிறுவர் சிலரே எஞ்சியிருந்தனர். சமைக்கவும் பாடம் நடத்தவும் பூசை செய்யவுமே நேரம் போதாத துறவி அவர்; தம் உணவுக்கே வழியற்றவர். ஆயினும், அச்சிறுவரை விட்டுவர அவரால் இயலவில்லை. அவர்களைத் தம் பொறுப்பில் ஏற்றுக்கொண்டார்.

அவ்விரக்கமே ஒரு நிறுவனத்தின் விதையாயிற்று. அவருடைய தூண்டுதலால் சி. இராமசுவாமி ஐயங்கார், 1905ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 17ஆம் நாள் மயிலாப்பூரில் வாடகை வீடொன்றில் மாணவர் இல்லத்தைத் தொடங்கினார். அன்று அங்கிருந்த மாணவர் எழுவர். பெற்றோரை இழந்த, வறுமையால் கல்வி பெற இயலாத சிறுவர்க்கு உணவும் உறைவிடமும் கல்வியும் அளிப்பதே அதன் நோக்கம். ஐயங்காருக்குத் துணையாக நின்ற உறவினர் சி. இராமானுஜாச்சாரியார், நாடகங்கள் நடத்தியும் அதற்கு நிதி திரட்டினார். எழுவருடன் தொடங்கிய அவ்வில்லம், பின்னர்ச் சொந்தக் கட்டடமும் பள்ளியும் தொழிற்கல்வியும் கொண்டு வளர்ந்து, நூறாண்டைக் கடந்தும் பணியாற்றி வருகிறது.

ஏலம்

1902இல் பிலிகிரி ஐயங்கார் காலமானார். சில ஆண்டுகளுக்குப் பின் ஐஸ்ஹவுஸ் மாளிகை ஏலத்திற்கு வந்தது. துறவிக்கு வேண்டிய நண்பர் யாரேனும் அதனை வாங்கினால் பூசை இடையூறின்றித் தொடரும் என்று அன்பர்கள் நம்பினர். ஏலம் நடந்துகொண்டிருந்தது. வளாகத்தின் ஒரு மூலையில் பழைய பலகையொன்றில் இராமகிருஷ்ணானந்தர் அமைதியாக அமர்ந்திருந்தார். அன்பர் ஒருவர் ஓடி ஓடி வந்து விலை ஏறுவதைக் கூறிக் கலங்கினார். யார் வாங்கினால் என்ன, தம் தேவைகள் மிகச் சிலவே, குருவுக்கு ஒரு சிறு அறை இருந்தால் போதும், தாம் எங்கும் தங்கிக் குருவின் புகழ் பேசிப் பொழுதைக் கழிக்க இயலும் என்று அவர் அந்த அன்பரைத் தேற்றினார். மாளிகை பிறர் கைக்குப் போயிற்று. பத்தாண்டுகளாகப் பூசை நடந்த அறையை விட்டு, அதே வளாகத்தின் புறமனை ஒன்றுக்கு அவர் குருவின் படத்துடன் இடம்பெயர்ந்தார். அங்கும் பூசை குறித்த நேரத்தில் நடந்தது, வகுப்புகளும் நடந்தன.

மயிலையில் ஒரு மடம்

வறுமையிலும் தளராத அவருடைய உறுதி அன்பர்களை அசைத்தது. மயிலாப்பூரில் அன்று பிராடீஸ் சாலை என வழங்கிய சாலையில் கொண்டையா செட்டியார் நிலம் வழங்கினார். அன்பர்கள் நன்கொடை திரட்டினர். நான்கு அறைகளும் ஒரு கூடமும் சமையலறையும் கொண்ட எளிய வீடு எழும்பியது. 1907ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 17ஆம் நாள் இராமகிருஷ்ணானந்தர் அதில் குடிபுகுந்தார். குரு வாழத் தக்க நல்ல வீடு கிடைத்தது என்று குழந்தையைப் போல மகிழ்ந்தார். அதன் சுவரில் மாசு படியாமல் காத்தார். அவ்வீடு நெடுங்காலம் நிலைக்கவில்லை. சில ஆண்டுகளிலேயே அதில் விரிசல்கள் தோன்றின. அவர் மறைவுக்குப் பின் அவ்விடத்தில் புதிய கட்டடம் எழுப்பப்பட்டது. வீடு இடிந்தாலும் அவர் இட்ட அடிப்படை இடியவில்லை.

எழுத்தும் கொள்கையும்

தமிழகத்தில் வாழ்ந்த காலத்தில் அவர் ஆற்றிய அரிய பணிகளுள் ஒன்று, இராமானுசரின் வரலாற்றை வங்க மொழியில் எழுதியதாகும். திருப்பெரும்பூதூரில் தோன்றித் திருவரங்கத்தில் வாழ்ந்த தமிழகப் பேராசானை வங்க மக்களுக்கு அந்நூல் அறிமுகப்படுத்தியது. வங்கத்துக் குருவின் செய்தியைத் தமிழகத்திற்குக் கொணர்ந்தவர், தமிழகத்து ஆசானின் செய்தியை வங்கத்திற்கு அனுப்பினார். பண்பாட்டுப் பாலம் என்பதன் பொருளை இதனால் உணரலாம்.

நான் என்னும் முனைப்பு ஒழிதலே ஆன்மிகத்தின் தொடக்கம் என்பது அவருடைய போதனையின் மையம். இறைவனே இயக்குபவன், மனிதன் கருவி என்று உணர்வோர்க்கு வெற்றியில் செருக்கும் தோல்வியில் சோர்வும் இல்லை என அவர் கற்பித்தார். வழிபாட்டில் காட்டும் தூய்மையும் ஒழுங்கும் அன்றாடச் செயல் அனைத்திலும் விளங்க வேண்டும் என்றார். ஒவ்வொரு சமயமும் ஒரே பரம்பொருளை நோக்கிச் செல்லும் வழி என்னும் தம் குருவின் கொள்கையை ஏற்று, பிற சமய ஆசான்களையும் போற்றினார். மயிலாப்பூரில் தங்கி அவருடைய உரைகளைக் கேட்ட அமெரிக்கப் பெண்மணி தேவமாதா, அந்நாள்களைப் பற்றி ஆங்கிலத்தில் நூல் எழுதியுள்ளார். பெங்களூரு, மைசூரு, பர்மா ஆகிய இடங்களுக்கும் சென்று அவர் உரையாற்றினார். பெங்களூருவில் மடம் அமையவும் காரணமானார்.

இறுதி நாள்கள்

குருவின் துணைவியாரான அன்னை சாரதாதேவியைத் தென்னகத்திற்கு அழைத்து வருதல் வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் விருப்பம். 1911ஆம் ஆண்டு அது நிறைவேறியது. அன்னையார் மயிலாப்பூரில் மடத்தின் அருகிலுள்ள இல்லமொன்றில் தங்கினார். தமிழ் அறியாத அன்னையாரும் வங்கம் அறியாத மக்களும் அன்பினாலேயே ஒருவரையொருவர் அறிந்துகொண்டனர். மதுரைக்கும் இராமேசுவரத்திற்கும் அவரை அழைத்துச் சென்ற இராமகிருஷ்ணானந்தர், இராமேசுவரத்தில் வழிபடுவதற்காக 108 பொன் வில்வ இலைகளை முன்னரே செய்துவைத்திருந்தார்.

பதினான்கு ஆண்டுக் காலப் பசியும் நடையும் ஓய்வின்மையும் அவர் உடலை உருக்கியிருந்தன. அன்னையார் திரும்பிய சில நாள்களில் அவர் நோயுற்றார்; காசநோய் என மருத்துவர் கண்டறிந்தனர். கல்கத்தாவிற்கு அழைத்துச் செல்லப்பட்டு மருத்துவம் பெற்ற அவர், 1911ஆம் ஆண்டு ஆகத்துத் திங்கள் 21ஆம் நாள், தம் நாற்பத்தெட்டாம் அகவையில் இவ்வுலக வாழ்வை நீத்தார்.

நிறைவாக

இராமகிருஷ்ணானந்தர் தம் வாழ்நாளில் கண்ட பயன் மிகச் சிறிது: விரிசல் கண்ட ஒரு வீடு, ஒரு மாணவர் இல்லம், சில வகுப்புகள். அவர் மறைந்த பின்னரே மயிலை மடம் நூல் வெளியீடு, மருத்துவம், கல்வி எனக் கிளைத்துத் தழைத்தது. தொண்டின் பயனைத் தாமே காண வேண்டும் என்று விரும்புவோர் விரைவில் சோர்வர். நாளைய மாணவருக்காக இன்று நடப்போர்க்குச் சோர்வில்லை. மழை நாளில் ஓரிருவர் முன் அமர்ந்து முழுப்பாடத்தையும் நடத்திய அத்துறவியின் உருவம், கற்போர்க்கும் கற்பிப்போர்க்கும் என்றும் வழிகாட்டி நிற்கும்.

தெரிந்து தெளிவோம்

ஐஸ்ஹவுஸ் மாளிகை பின்னர் அரசின் உடைமையாயிற்று. இளம் கைம்பெண்களின் கல்விக்காக உழைத்த சகோதரி சுப்புலட்சுமி தம் விடுதியை அங்கே நடத்தினார். 1963இல், விவேகானந்தரின் நூற்றாண்டையொட்டி, அது விவேகானந்தர் இல்லம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. இன்று அங்கே நிலையான கண்காட்சி ஒன்று அமைந்துள்ளது.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் உள்ள சாலை அல்லது தெரு ஒன்றின் பெயர்க்காரணத்தைப் பெரியோரிடம் கேட்டறிந்து, ஒரு பக்க அளவில் எழுதுக.

2. பட்டத்தேர்வைக் கைவிட்டுக் குருவுக்குப் பணிவிடை செய்யச் சென்ற சசியின் முடிவு குறித்து வகுப்பறையில் கலந்துரையாடுக.

3. பயனை எதிர்பாராத தொண்டுக்கு எடுத்துக்காட்டாக நீங்கள் நேரில் கண்ட ஒருவரைப் பற்றி உரை நிகழ்த்துக.